பஸ்ஸிலும் தலைச்சுற்று, வி.ஆர். ஹெட்செட்டிலும் தலைச்சுற்று: இரண்டும் ஒரே கோளாறுதானா?

கேள்வி: லபுக்கலை வாசகி

அனைவருக்கும் வணக்கம். நான் லபுக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்து, இப்போது கண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வார நாட்களில் கண்டியில் அறை எடுத்துத் தங்கியிருந்து, சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து, திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸில் திரும்பிப் போவேன். சிறு வயதிலிருந்தே எனக்குப் பஸ் பயணம் ஒத்துக்கொள்வதில்லை. றம்பொடையை நெருங்கும்போது முதலில் கொட்டாவி வரும். பிறகு வாயில் எச்சில் ஊறும், நெற்றி குளிர்ந்து வியர்க்கும். தவலந்தென்ன சந்திக்கும் புசல்லாவைக்கும் இடையில் எப்படியும் வாந்தி வந்துவிடும். கம்பளையைத் தாண்டிப் பாதை சமதரைக்கு வந்த பிறகு குமட்டல் தணிந்தாலும், உடம்பு சோர்ந்து தலை கனத்துப் போவதால் அன்று காலை வேலையில் மனம் நிற்பதே இல்லை.

பஸ்ஸில் மட்டுமே வரும் தொல்லை இது என்றுதான் இவ்வளவு காலமும் எண்ணியிருந்தேன். கட்டாரில் வேலை செய்யும் என் மாமாவின் மகன் விடுமுறையில் வந்தபோது குவெஸ்ட் 2 என்ற வி.ஆர். ஹெட்செட் ஒன்றை வீட்டில் விட்டுப் போயிருக்கிறார். கண்களை முழுவதும் மறைத்து மாட்டிக்கொண்டால், கணினிக் காட்சிக்குள்ளேயே நிற்பது போலத் தெரியும் கருவி அது. நின்ற இடத்தில் நின்றபடி, பாட்டுக்கு ஏற்ப வாளால் கட்டைகளை வெட்டும் பீட் சேபர் விளையாட்டை எவ்வளவு நேரம் விளையாடினாலும் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் கொன்ட்ரோலரில் உள்ள ஸ்டிக்கைத் தள்ளி நடந்து போகும் விளையாட்டு எதைத் தொடங்கினாலும், சிறிது நேரத்துக்குள் அதே கொட்டாவி, அதே எச்சில், அதே குளிர்ந்த வியர்வை. ஞாயிற்றுக்கிழமை இரவில் அப்படி விளையாடினால், மறுநாள் விடியற்காலை பஸ் ஏறும்போதே வயிறு சரியில்லாமல் இருக்கிறது.

நான் அறிய விரும்புபவை இவைதான். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாத எனக்கு, வளைவுகளில் பஸ் ஆடும்போது வரும் அதே தொல்லை எப்படி வருகிறது? ஒன்று மற்றொன்றை மோசமாக்குமா? தொடர்ந்து விளையாடினால் பழகிவிடும், பழகினால் பஸ் பயணமும் சரியாகிவிடும் என்று மாமாவின் மகன் சொல்கிறார், அது உண்மையா? வாராவாரம் குளிசை போட்டுக்கொண்டு பயணம் செய்வது நல்லதா? என் அக்காவின் மகளுக்கு ஏழு வயது. நுவரெலியாவுக்குப் பள்ளிக்கூட வேனில் போகும் அவளுக்கும் இதே தொல்லை இருக்கிறது. ஆகவே எனக்காக மட்டும் கேட்கவில்லை. அனுபவமும் விஷயமும் தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: மலைப்பாதைச் சாரதி

மகள், நான் நீண்ட காலம் நுவரெலியா – கண்டி வழியில் பஸ் ஓட்டிவிட்டு, இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். மருத்துவக் காரணங்களை மற்றவர்கள் சொல்லட்டும். வண்டிக்குள் நான் கண்டறிந்ததை எழுதுகிறேன்.

வளைவுகளில் வண்டி ஓட்டுபவனுக்கு வாந்தி வருவது மிக மிக அரிது. பயணியாக உட்கார்ந்தால் குமட்டும் சாரதிகளை நான் அறிவேன்; அவர்களே ஸ்டியரிங்கைப் பிடித்தால் ஒன்றும் ஆவதில்லை. அடுத்து வண்டி எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பது சாரதிக்கு முன்கூட்டியே தெரியும். அவருடைய கண் பாதையின் தூரத்தில் இருக்கும். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே தலையையும் உடம்பையும் அந்தப் பக்கம் சாய்த்துவிடுவார். பின்வரிசையில் இருப்பவருக்குத் தெரிவது முன் சீட்டின் முதுகு மட்டும்தான். அவரை வண்டி திடீரென்று ஒரு பக்கம் தள்ளும், அவர் தாமதமாக மறுபக்கம் சாய்வார், அதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். ஆகவே பயணி செய்யக்கூடிய முதல் வேலை, சாரதி பார்ப்பதைத் தானும் பார்ப்பதுதான்.

முதல் ஆசனம் மதகுருமாருக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால் அதை விட்டுவிடுங்கள். அதற்குப் பின்னாலுள்ள இரண்டு மூன்று வரிசைகளில், முன் கண்ணாடி வழியாகப் பாதை தெரியும் இடமாகப் பாருங்கள். பின் சக்கரத்துக்கு மேலேயும் அதற்குப் பின்னாலேயும் உள்ள ஆசனங்கள் வளைவில் அதிகமாக வீசி எறியும்; அங்கே உட்காரவே கூடாது. பஸ் நுவரெலியாவில் புறப்படுவதால் லபுக்கலைக்கு வரும்போது முன் ஆசனங்கள் நிரம்பியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். நடத்துநரிடம் வெட்கப்படாமல் விஷயத்தைச் சொல்லுங்கள். "இவருக்கு வாந்தி வரும், கொஞ்சம் இடம் மாறுங்கள்" என்று நடத்துநர் கேட்டால் நம்மவர்கள் மறுப்பதில்லை.

பலர் கவனிக்காத ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். வண்டி வளைந்துகொண்டிருக்கும்போது குனியாதீர்கள். கால் அடியில் வைத்த பையை எடுக்கக் குனிவார்கள், அல்லது டிக்கெட்டுக்குச் சில்லறை தேடித் தலையைக் கவிழ்ப்பார்கள். நிமிரும்போது முகம் வெளுத்திருக்கும். என் கண்ணாடியில் அதை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். சில்லறையை ஏறும் முன்பே கையில் வைத்துக்கொள்ளுங்கள், பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், தலையை ஆசனத்தின் முதுகில் அழுத்திச் சாய்த்துக்கொள்ளுங்கள். போனைத் தொடவே வேண்டாம். ஜன்னலைச் சற்றுத் திறந்து முகத்தில் காற்றுப் பட விடுங்கள். லபுக்கலைக் குளிரில் பக்கத்தில் இருப்பவர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை. ஒன்றையும் பார்க்க முடியாத நெரிசல் என்றால், கண்ணை மூடிக்கொள்வது போனைப் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல்.

வெறும் வயிற்றில் ஒரு ப்ளேன்டீயை மட்டும் குடித்துவிட்டு ஏறுவதும் கெடுதி, ரொட்டியும் சம்பலும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறுவதும் கெடுதி. இரண்டு மூன்று பிஸ்கட், கொஞ்சம் தண்ணீர், அவ்வளவு போதும்.

இங்கே சாரதிகள் யாராவது இருந்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு உள்ளே நுழையுங்கள். வளைவின் நடுவில் பிரேக் அடித்து, உடனே அக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். எத்தனை பேர் வாந்தி எடுக்கிறார்கள் என்பதில் பாதி நம் காலில் இருக்கிறது.

பதில்: பதுளை நிரலாளர்

அக்கா, நான் பதுளையைச் சேர்ந்தவன். கொழும்பில் கேம் வடிவமைக்கும் குழு ஒன்றில் வி.ஆர். பகுதியைக் கவனிக்கிறேன். மேலே ஐயா சொன்னது எங்கள் துறையின் பாடங்களோடு அப்படியே பொருந்துகிறது. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த தொல்லைகள்தான். திசை மட்டும் எதிரானது.

நமது உட்காதில் இரு பக்கமும் மும்மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்புவதை அவை உணர்கின்றன. அவற்றோடு ஒட்டியுள்ள வேறு இரண்டு உறுப்புகள் சாய்வையும், முன்னும் பின்னும் மேலும் கீழும் தள்ளப்படுவதையும் உணர்கின்றன. மூளை இந்தச் செய்தியையும் கண் தரும் செய்தியையும் தசைகள் தரும் செய்தியையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, தான் எதிர்பார்த்ததோடு பொருத்திப் பார்க்கிறது. பஸ்ஸுக்குள் முன் சீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கண், "நான் அசையவில்லை" என்கிறது. காதோ "வளைந்துகொண்டே போகிறோம்" என்கிறது. ஹெட்செட்டில் இது தலைகீழாகிறது. ஸ்டிக்கைத் தள்ளியதும் கண் முழுவதும் உலகம் பின்னோக்கி ஓடுகிறது, ஆனால் காது ஒரு சிறு அசைவையும் உணரவில்லை. இந்த முரண்பாடுதான் குமட்டலின் வேர் என்ற கருத்தை 1975 இல் ரீசன், பிராண்ட் என்ற இருவர் விரிவாக எழுதினார்கள். இன்றும் பெரும்பாலானோர் ஏற்பது அதுவே. உடம்பின் சமநிலையைப் பிடித்து நிறுத்த முடியாமல் தடுமாறுவதுதான் மூல காரணம் என்று 1991 இல் ரிச்சியோ, ஸ்டோஃப்ரெகன் ஆகியோர் முன்வைத்த மாற்றுக் கருத்தும் இருக்கிறது. சாரதி ஐயா சொன்ன தாமதமான சாய்வை நினைத்துப் பார்த்தால், அதிலும் உண்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

குனியக் கூடாது என்று ஐயா சொன்னதற்கும் தெளிவான காரணம் உண்டு. உடம்பு ஒரு திசையில் சுழன்றுகொண்டிருக்கும்போது தலையை வேறொரு திசையில் சாய்த்தால், உண்மையில் இல்லாத ஒரு மூன்றாவது சுழற்சியை அரைவட்டக் குழாய்கள் உணர்ந்துவிடும். விமானிகளுக்குப் பயிற்சியில் இதைத் தனியாகவே உணர்த்துவார்கள்.

பீட் சேபர் ஏன் தொல்லை தரவில்லை என்பது இப்போது விளங்கும். அந்த விளையாட்டில் நீங்கள் நிற்கும் தரை அசைவதில்லை. தலையைத் திருப்பினால் காட்சியும் அதே அளவு திரும்புகிறது, காதும் அதையே சொல்கிறது, முரண்பாடு இல்லை. தலை அசைவதற்கும் காட்சி மாறுவதற்கும் இடையே 20 மில்லி விநாடிக்கு மேல் தாமதம் வரக் கூடாது என்பது எங்கள் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் அளவுகோல். 2014 இல் வந்த கார்ட்போர்ட் போல, போனை ஒரு பெட்டிக்குள் செருகிப் பார்க்கும் மலிவான கருவிகள் தலை திரும்புவதை மட்டுமே உணரும். நீங்கள் முன்னால் குனிந்தாலும் பக்கவாட்டில் நகர்ந்தாலும் காட்சி உங்களோடு ஒட்டிக்கொண்டே வரும். அத்தகைய பெட்டிகளைப் போட்டுப் பார்த்துவிட்டு "வி.ஆர். எனக்கு ஆகாது" என்று முடிவு செய்தவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர்.

உங்களுடைய குவெஸ்ட் 2 இல் முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். ஹெட்செட்டின் உள்ளே இரண்டு லென்ஸ்களையும் விரலால் பிடித்து நெருக்கவும் விலக்கவும் முடியும். மூன்று நிலைகளில் "டக்" என்று நிற்கும், நடுவில் 1, 2, 3 என்ற இலக்கம் தெரியும். அவை முறையே 58, 63, 68 மில்லிமீற்றர் இடைவெளிக்கு உரியவை. கண்ணாடி முன் நின்று, ஓர் அளவுகோலைப் புருவத்தின் மீது வைத்து, உங்கள் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவிலான தூரத்தை அளந்து, அதற்கு மிக நெருக்கமான நிலையில் வையுங்கள். மாமாவின் மகனுக்குப் பொருந்திய நிலையிலேயே நீங்களும் பார்த்துக்கொண்டிருந்தால், குமட்டல் ஒருபுறம் இருக்க, கண்வலியும் தலைவலியும் தனியாக வரும்.

அடுத்து, விளையாட்டை வாங்கும் முன் கடைப் பக்கத்தில் உள்ள சௌகரியக் குறிப்பைப் பாருங்கள். சௌகரியமானது, மிதமானது, கடுமையானது என்று வகுத்திருப்பார்கள். நடக்கும் விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றின் அமைப்புப் பகுதியில், நடப்பதற்குப் பதிலாகச் சுட்டிய இடத்துக்குத் தாவும் முறை இருக்கும். அதைத் தெரிவு செய்யுங்கள். வழவழவென்று திரும்புவதற்குப் பதிலாக, 30 அல்லது 45 பாகை வெட்டித் திரும்பும் முறையை வையுங்கள். நகரும்போது காட்சியின் ஓரங்களை இருட்டாக்கும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். நாம் நகர்கிறோம் என்ற பொய்யுணர்வைப் பெரிதும் உண்டாக்குவது ஓரப் பார்வைதான். பார்வைப் பரப்பை மெல்லச் சுருக்கினால் அசௌகரியம் குறைகிறது என்பதை 2016 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சோதித்துக் காட்டினார்கள். இவற்றோடு, அறையில் ஒரு மின்விசிறியை முகத்தை நோக்கி வைத்துவிட்டு விளையாடுங்கள்.

பழகிவிடும் என்று உங்கள் மாமாவின் மகன் சொல்வதில் பாதிதான் உண்மை. மூளை பழகும், ஆனால் தொல்லையைத் தாங்கிக்கொண்டு விளையாடினால் பழகாது. முதல் கொட்டாவி வந்த உடனே ஹெட்செட்டைக் கழற்றிவிட வேண்டும். அதையும் மீறிப் பற்களைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால், அந்த ஹெட்செட்டின் பிளாஸ்டிக் மணம் பட்டாலே வயிறு புரளும் நிலைக்கு உடம்பு வந்துவிடும். எங்கள் அலுவலகத்துக்குச் சோதனை செய்ய வந்த சிலரிடம் இதைக் கண்டிருக்கிறேன். சிறு சிறு நேரமாக, உடம்பு நன்றாக இருக்கும் நாட்களில், இடைவெளி விட்டுப் பழகுங்கள். ஹெட்செட்டில் கிடைக்கும் பழக்கம் பஸ்ஸுக்குப் பெரிதாக உதவும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மூளை எந்த வகை அசைவுக்குப் பழகுகிறதோ அந்த வகைக்கே பெரும்பாலும் பழகுகிறது. ஹெட்செட்டால் வந்த குமட்டல் சிலருக்குப் பல மணி நேரம் நீடிக்கும் என்பதால், ஞாயிறு இரவில் விளையாடுவதை மட்டும் கட்டாயம் நிறுத்திவிடுங்கள்.

பதில்: ஹட்டன் ஆசிரியர்

மேலே உள்ளவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஆயினும் என் கருத்தில் இதற்கு மனமே பெரிய காரணம். வரும் வரும் என்று பயந்துகொண்டே ஏறினால் வரத்தான் செய்யும். பயத்தை விட்டுவிட்டு, ஒரு துண்டு இஞ்சியை வாயில் அடக்கிக்கொண்டு, தேசிக்காய் ஒன்றை முகர்ந்துகொண்டு போனால் போதும், குளிசை எதற்கு? முடியுமானால் நானுஓயாவுக்கு வந்து ரயிலில் போங்கள். அதே மலையில்தான் ரயிலும் இறங்குகிறது, ஆனால் ரயிலில் வாந்தி எடுப்பவர்களை நான் அதிகமாகக் கண்டதில்லை.

பதில்: பண்டாரவளை மருந்தாளர்

ஆசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும். இதை மனப்பிரச்சினை என்று சொல்லிவிடுவதால்தான் எத்தனையோ பிள்ளைகள் பஸ்ஸில் வாந்தி எடுத்ததற்காகத் திட்டும் வாங்குகிறார்கள். உட்காதின் சமநிலை உறுப்பு இரு பக்கமும் முற்றாகச் செயலிழந்தவர்களுக்கு, எவ்வளவு ஆடினாலும் இந்தக் குமட்டல் வருவதில்லை. காது கேளாதோர் பலரைச் சுழற்றினாலும் தலை சுற்றுவதில்லை என்பதை அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1882 இலேயே விசாரித்து எழுதினார். மறுபுறம், பார்வையற்றவர்களுக்கும் இது வரும். மனமே காரணம் என்றால் இப்படி இருக்காது. பயம் தொல்லையைக் கூட்டும் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

ரயிலைப் பற்றி நீங்கள் சொன்னது சரியான அவதானிப்பு. மனிதரை அதிகமாகக் குமட்ட வைப்பது மெதுவான ஆட்டம். சுமார் ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஆடி வரும் ஆட்டமே மிக மோசமானது. வேகமான சிறு குலுக்கல்களுக்கு அந்தச் சக்தி இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் பஸ், இடமும் வலமுமாக ஏறக்குறைய அந்த மெதுவான கதியிலேயே நம்மைச் சாய்க்கிறது. மலையக ரயில் தடதடவென்று குலுக்கினாலும், வளைவுகளை ஊர்ந்து கடக்கிறது. எழுந்து நிற்கலாம், வாசலோரக் காற்று வாங்கலாம். ஆனால் திங்கட்கிழமை காலை வேலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர ரயிலை நம்ப முடியாது என்பதால், தங்கை பஸ்ஸையே நாட வேண்டியிருக்கும்.

இனி மருந்துக்கு வருகிறேன். 1947 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில், தோல் தடிப்புக்காக ஒரு புதிய ஒவ்வாமை மருந்தைப் பெற்ற கர்ப்பிணிப் பெண் ஒருவர், தனக்கு ட்ராம் பயணத்தில் வழக்கமாக வரும் குமட்டல் நின்றுவிட்டதாகச் சொன்னார். அந்த மருந்துதான் டைமென்ஹைட்ரினேட். இன்று பாமசிகளில் பயணக் குமட்டலுக்குக் கொடுக்கும் குளிசைகளில் பெரும்பாலானவை, புரோமெதசின், சினரிசின், மெக்லிசின் உட்பட, அதே ஒவ்வாமை மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஹையோசின் என்பது வேறு வகை. வெளிநாடுகளில் காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டையாகவும் கிடைக்கிறது, அது 72 மணி நேரம் வேலை செய்யும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்று: குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்கினால் பெரும்பாலும் பயனில்லை. குமட்டல் தொடங்கியதும் இரைப்பை மந்தமாகிவிடும், மருந்து உள்ளே தங்கியே கிடக்கும், பிறகு வாந்தியோடு வெளியே வந்துவிடும். றம்பொடையில் குளிசையைத் தேடுகிறவர்கள் வீட்டிலேயே அதைப் போட்டிருக்க வேண்டும். டைமென்ஹைட்ரினேட் என்றால் ஏறுவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன்பு, சினரிசின் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு எடுக்க வேண்டும். இவை தூக்கம் தரும்; குறைவாகத் தருவதும் கூடுதலாகத் தருவதும் உண்டு. உங்கள் காலைச் சோர்வில் ஒரு பகுதி மருந்தால் வருவது, ஒரு பகுதி குமட்டலாலேயே வருவது. வாந்தி வராத நிலையிலும் வெறும் அசதியாகவும் தூக்கமாகவும் மட்டும் இது வெளிப்படுவது உண்டு. குளிசை போட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டுவதோ, மது அருந்துவதோ கூடவே கூடாது. கண் அழுத்த நோய், புரொஸ்டேட் வீக்கம் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், வேறு மருந்து எடுப்பவர்களும் டொக்டரைக் கேட்காமல் இவற்றை வாங்க வேண்டாம். வாராவாரம் ஒருமுறை எடுப்பது பெரும்பாலான ஆரோக்கியமான பெரியவர்களுக்குக் கெடுதியல்ல. என்றாலும் ஒருமுறை டொக்டரிடம் உங்கள் உடம்புக்கு எது பொருந்தும் என்று கேட்டுவிட்டுத் தொடருங்கள். வாந்திக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் ஒன்டன்செட்ரோன் பயணக் குமட்டலைத் தடுப்பதில்லை. அதைக் கேட்டு வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

இஞ்சியை நான் தள்ளிவிடவில்லை. ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன; சிலருக்கு உதவுகிறது, கெடுதி அதிகம் இல்லை. இஞ்சித் தேநீரை ஏறும் முன் குடித்துப் பாருங்கள். பலம் போதவில்லை என்றால், இஞ்சியை நம்பியே துன்பப்பட வேண்டிய அவசியம் இல்லை.

உங்களுக்கு ஒற்றைத் தலைவலி இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். அது உள்ளவர்களுக்குப் பயணக் குமட்டலும் ஹெட்செட் குமட்டலும் கூடுதலாக வரும். மாதவிடாய் நாட்களிலும் கூடலாம். வண்டியில் இல்லாத வேளையிலும் தலை சுற்றினால், காது மந்தமானால், காதுக்குள் இரைச்சல் கேட்டால், அது வேறு விஷயம்; தாமதிக்காமல் காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் காட்டுங்கள்.

கேட்டவரின் பதில்: லபுக்கலை வாசகி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. லென்ஸ் மூன்றாம் நிலையில் இருந்தது. அளந்து பார்த்தபோது எனக்குப் பொருந்துவது முதலாம் நிலை. இந்த வாரம் முன் வரிசைக்காக நடத்துநரிடம் கேட்கப் போகிறேன். மருந்தாளர் அக்கா, அக்காவின் மகளைப் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் எழுத முடியுமா? என் தொல்லைதான் அவளுக்கும் இறங்கியிருக்கிறதா? அவளுக்கு என் குளிசையில் பாதியைக் கொடுக்கலாமா என்று அக்கா கேட்கிறார். அவள் வளர வளர இது போய்விடுமா? அந்த ஹெட்செட்டைக் கொண்டு அவளை விளையாட விடலாமா?

பதில்: பண்டாரவளை மருந்தாளர்

தங்கை, பாதிக் குளிசையைக் கொடுக்கச் சொல்ல வேண்டாம். பிள்ளைகளுக்கு அளவு வயதையும் நிறையையும் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. புரோமெதசினை இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது, பெரிய பிள்ளைகளுக்கும் டொக்டரைக் கேட்ட பிறகுதான். தினமும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு நாளாந்தம் தூக்கம் வரும் மருந்து கொடுப்பது படிப்பையும் கெடுக்கும்.

குடும்பத்தில் இறங்குவது உண்மைதான். 80,000க்கும் மேற்பட்டோரின் மரபணுத் தகவலை ஆராய்ந்து 2015 இல் வெளியான ஆய்வில், இதோடு தொடர்புடைய 35 மரபணு இடங்கள் கண்டறியப்பட்டன. அவற்றில் பல, கண், காது, சமநிலை ஆகியவற்றின் வளர்ச்சியோடு சம்பந்தப்பட்டவை. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை இந்தத் தொல்லை மிகுந்திருக்கும். அதன் பிறகு பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குறைந்துவிடும். உங்களுக்குக் குறையவில்லை என்பதால் அவளுக்கும் குறையாது என்று எண்ண வேண்டியதில்லை.

வேனில் சிறு பிள்ளைகளைப் பின்னால் நெருக்கி உட்கார வைப்பதுதான் வழக்கம். அவளுடைய கண் ஜன்னல் விளிம்புக்குக் கீழே இருந்தால், அவள் காண்பது எதிரே உள்ள பிள்ளையின் புத்தகப்பையைத்தான். சாரதியிடம் சொல்லி முன்னோக்கிய ஆசனத்தில், முன் கண்ணாடி தெரியும் உயரத்தில், பட்டி போட்டு உட்கார வையுங்கள். வேனுக்குள் வீட்டுப்பாடம் எழுத விட வேண்டாம். பேச்சு திடீரென்று நின்று, உதடு வெளுத்து, கொட்டாவி விட்டால், "வாந்தி வருகிறதா" என்று கேட்டுக்கொண்டிருக்காமல் ஜன்னலைத் திறந்து, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். வழியில் நிறுத்த இடம் இருந்தால் இரண்டு நிமிடம் இறக்கி நிற்க வைக்க வேண்டும். ஒரு ஷொப்பிங் பேக்கும் சிறு துவாயும் அவள் பையின் வெளிப்பையிலேயே இருக்கட்டும், அது இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஹெட்செட்டை ஏழு வயதில் கொடுக்க வேண்டாம். அதைத் தயாரிக்கும் நிறுவனமே பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அனுமதிப்பதில்லை, லென்ஸ்களின் மிகக் குறுகிய நிலையும் அவள் கண்களுக்குப் பொருந்தாது.